குன்றும் வழியும்: திருமுருகாற்றுப்படை குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

1. கேள்வி எழுந்த இடம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் நோக்கி வரும் நெடுஞ்சாலையில் அய்யலூர் அமைந்துள்ளது. ஊரைச் சூழக் காடு போர்த்த குன்றுகள். சாலையோரத்தில் வண்டிக் கருப்பணசாமி கோயில். லாரி ஓட்டுநர்கள் அங்கே வண்டியை நிறுத்தி வணங்கிய பின்னரே வழிதொடர்வர். வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தை சுற்று வட்டாரம் முழுவதும் பெயர்பெற்றது. அங்கே கைமாறும் கிடாய்களுள் சில கறிக்கடைக்கும் சில நேர்த்திக்கடனுக்கும் போகின்றன. தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களையும் அச்சாலை அறியும்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூரை அடுத்த சிற்றூர்ச் சபையொன்றில் நாம் ஓர் அருளுரை கேட்கும் வாய்ப்பைப் பெற்றோம். 2 இராஜாக்கள் 23-ஆம் அதிகாரம், யோசியா அரசன் மேடைகளை இடித்த வரலாறு, அன்றைய பாடம். இளம் போதகர் ஆர்வத்தோடு பேசினார். சாலையோரக் கருப்பரையும், குன்றுகளின்மேல் உள்ள கோயில்களையும், பழனி மலையையும் ஒரே மூச்சில் ‘மேடைகள்’ என்று கூறி முடித்தார். ஆராதனைக்குப்பின் மூதாட்டி ஒருவர் அவரை அணுகி, “மழை அந்தக் கரட்டுப் பக்கமிருந்துதான் வருது ஐயா. அந்தக் கரடு யாருது?” என்று கேட்டார். “எல்லாம் கர்த்தருடையது, பாட்டி” என்றார் போதகர். “அப்ப ஏன் ஐயா அதை வைதீக?” என்று சொல்லிவிட்டு அவ்வம்மையார் தம் வழியே சென்றார்.

இக்கேள்விக்கு விடைதேடும் முயற்சியே இக்கட்டுரை. குன்றையும் அதன் தெய்வத்தையும் பாடிய தமிழ் நூல்களுள் முதன்மையானது திருமுருகாற்றுப்படை. நம் இறையியல் மாணவர் பலர் அதன் பெயரை அறிவர், படித்தவர் சிலரே. அதனை ஓர் இலக்கியமாக முதலில் படித்து, அதன் பெருமையையும் குறையையும் உணர்ந்தபின், நம் மேடைகளுக்குத் திரும்புவோம்.

2. ஆற்றுப்படை என்னும் வடிவம்

நக்கீரர் பெயரால் வழங்கும் இப்பாட்டு 317 அடிகளை உடையது. பத்துப்பாட்டில் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. சைவத் திருமுறைகளில் பதினோராம் திருமுறையிலும் இடம்பெற்றுள்ளது. இங்ஙனம் சங்கத் தொகையிலும் சமயத் தொகையிலும் ஒருங்கே நிற்கும் சிறப்பு இதற்கு உண்டு. இதன் காலம் குறித்து அறிஞர் ஒத்த கருத்தினர் அல்லர். பத்துப்பாட்டின் ஏனைய பாடல்கள் சிலவற்றிற்குப் பிற்பட்டது என்பது பலருடைய கருத்து.

ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் பாட்டு. வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீளும் இரவலன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் மற்றோர் இரவலனைக் கண்டு, “நீயும் அவனிடம் செல், வழி இது, இடையில் இன்னின்ன ஊர்கள், அங்கே இன்னின்ன உணவு கிடைக்கும், அவன் உன்னை இன்னவாறு வரவேற்பான்” என்று ஆற்றுப்படுத்துவான். பேசுபவன் பெற்றவன், கேட்பவன் பெறாதவன். இருவரும் இரவலரே. இவ்வடிவத்தின் உயிர்நிலை இதுவே.

இலங்கைத் தமிழ்த் திருச்சபைக்குரிய டி. டி. நைல்ஸ், நற்செய்தி அறிவித்தலை விளக்கப் புகுந்தபோது, உணவு கிடைக்கும் இடத்தை ஓர் இரவலன் மற்றோர் இரவலனுக்குக் கூறுவதற்கு அதனை ஒப்பிட்டார். உலகெங்கும் இன்று எடுத்தாளப்படும் அவ்வொப்புமை தமிழரின் பழைய இலக்கிய வடிவத்தோடு இத்துணை இயைந்திருப்பது நம் சிந்தனைக்குரியது. நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த ஒரு பேச்சு முறையை நாம் மேடைப் பேச்சின் முழக்கத்தில் இழந்துவிட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது. முன்னர்க் கூறிய அருளுரையில் போதகர் இரவலராகப் பேசவில்லை, அரசனாகவே பேசினார். யோசியாவின் குரல் அரசனின் குரல். அக்குரலைக் கடன்வாங்கும் உரிமை, அண்டை வீட்டாரிடையே சிறுபான்மையராய் வாழும் ஒரு சிற்றூர்ச் சபைக்கு உண்டா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திருமுருகாற்றுப்படை பழைய வடிவத்தை இறைவழிபாட்டிற்கு மாற்றி அமைத்தது. பொருநர், பாணர் முதலியோரை ஆற்றுப்படுத்தும் பாடல்கள் ஆற்றுப்படுத்தப்படுவோர் பெயரால் வழங்க, இப்பாட்டு மட்டும் சென்றடையப்படும் முருகன் பெயரால் வழங்குவது நோக்கற்பாலது. புலவராற்றுப்படை என்னும் வேறு பெயரும் இதற்கு உண்டு; எனினும் நிலைத்தது முன்னைய பெயரே. செல்வோன் மறைந்து, சேரிடம் பெயரில் எஞ்சியது. இம்மாற்றத்தின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

3. உச்சியில் மட்டுமன்று

முருகன் குறிஞ்சி நிலத்துத் தெய்வம், மலைக்குரியோன். ஆதலின் இப்பாட்டு ஆறு சிகரங்களைப் பாடுகிறது என்று படியாதோர் எண்ணக்கூடும். ஆறு பகுதிகளும் திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய், திருவாவினன்குடி, திருவேரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என்பன. இவற்றுள் திருச்சீரலைவாய் என்பது திருச்செந்தூர். அலை மோதும் கடற்கரை. திருவேரகம் எனப் பலரும் கொள்ளும் சுவாமிமலை, காவிரிச் சமவெளியில் கட்டி எழுப்பப்பட்ட குன்று. அறுபது படிகள் ஏறினால் அதன் மேற்றளம். இன்னும் வியப்புக்குரியது பழனி. நக்கீரர் பெயர் சுட்டிப் பாடுவது ஆவினன்குடியை; அது மலையின் அடிவாரத்துக் கோயில். இன்று பல இலட்சம் மக்கள் நாடி ஏறும் உச்சிக் கோயிலை அவர் தனியே பாடவில்லை. பழனிக்கு ஆற்றுப்படுத்தும் மிகப் பழைய பாட்டு நம்மை அடிவாரத்தில் நிறுத்துகிறது.

ஐந்தாம் பகுதி ஓர் ஊரின் பெயரன்று. குன்றுகள் யாவற்றிலும் அவன் ஆடுகிறான் என்பதே அதன் பொருள். மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை உண்டு, தொண்டகப் பறை முழங்கக் குரவை ஆடும் குறவர் கூட்டத்தில் அவனும் ஒருவனாய், ஆடும் மகளிர்க்குக் கைகொடுத்து நிற்கிறான். ஆறாம் பகுதியிலோ எல்லை இன்னும் விரிகிறது. காடு, சோலை, ஆற்றிடைத் திட்டு, குளம், நாற்சந்தி, தெருக்கள் கூடுமிடம், புதுப்பூப் பூத்த கடம்பு, ஊர்மன்றம், பொதியில், தெய்வம் உறையும் தறி ஆகிய அனைத்தும் அவன் இருப்பிடங்களாக அடுக்கப்படுகின்றன. மலைத் தெய்வத்தைப் பாடத் தொடங்கிய பாட்டு, சாலைச் சந்திப்பில் வந்து நிற்கிறது. அய்யலூரில் லாரி நிற்கும் இடத்தில் ஒரு தெய்வம் நிற்பதன் பொருளை உணர இப்பட்டியல் துணைசெய்யும்.

யோவான் 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண் கேட்ட கேள்வி எந்த மலை என்பதே. ஆண்டவர் இரண்டு மலைகளையும் கடந்த வழிபாட்டைச் சுட்டினார். இப்பகுதியை இந்நாட்டுக் கோயில்களுக்கு எதிரான வாதமாக மட்டும் நாம் கையாண்டு வந்திருக்கிறோம். குன்றிலிருந்து நாற்சந்திக்கு இறங்கும் தெய்வத்தைப் பாடிய ஒரு மரபு, ‘எந்த மலை’ என்னும் கேள்வியைத் தன் போக்கில் நெடுங்காலத்துக்கு முன்பே தொட்டிருக்கிறது என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றே என்று கூறுதல் நம் கருத்தன்று. பேசத் தொடங்குமுன் கேட்டல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

4. ஒரே பாட்டில் இருவகை வழிபாடு

இப்பாட்டின் தனிப்பெருஞ் சிறப்பாக நாம் கருதுவது, ஒன்றோடொன்று ஒவ்வாதன எனப் பிற்காலத்தார் கருதிய இரு வழிபாடுகளையும் தாழ்வு உயர்வு இன்றி அது பாடுவதே. திருவேரகத்தில் நாற்பத்தெட்டு ஆண்டுகள் நோன்பு காத்த அந்தணர், நீராடிய ஈர ஆடை உடலிலேயே புலர, கைகளைத் தலைமேற் குவித்து ஆறெழுத்து மந்திரத்தை ஓதுகின்றனர். பழமுதிர்சோலையில் குறமகள் தினையைப் பூவோடு கலந்து பரப்பி, ஆட்டுக்குட்டியை அறுத்து, சேவற்கொடி நாட்டி, கொழுத்த கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசியைப் படைக்கிறாள். மலைச்சரிவின் ஊர்கள் நலம்பெற வாழ்த்துகிறாள். அருவியின் ஓசையோடு இசைக்கருவிகள் ஒலிக்கக் குறிஞ்சிப் பண் பாடுகிறாள். புலவர் இரண்டையும் ஒரே நடையில், ஒரே மதிப்போடு பாடுகிறார். அந்தணர் ஓதுதலுக்குச் செவிசாய்க்கும் தெய்வம் குறமகளின் பறைக்கும் செவிசாய்க்கிறது.

பிற்காலம் இவ்விரண்டையும் பிரித்தது. பெருங்கோயில்கள் ஆடு வெட்டுதலை வெளியே தள்ளின. சீர்திருத்தம் விழைந்தோர் அதனை இழிவென்றனர். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கோயில்களில் விலங்கு, பறவைப் பலியைத் தடைசெய்தது. நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அச்சட்டம் 2003-இல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டபோது சிற்றூர் மக்கள் வருந்தினர். 2004-இல் அது நீக்கப்பட்டது. பலியை வெறுத்தவருள் கிறிஸ்தவரும் முன்னின்றனர். ஆயின் கருப்பருக்கு வெட்டப்படும் கிடாய் பெரும்பாலும் உறவினர்க்கும் ஊரார்க்கும் விருந்தாகிறது என்பதையும் நாம் அறிவோம்.

நம் திருமறை இதனை அறியாததன்று. 1 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தில் ஊர் மக்கள் மேடையில் பலியிடுகின்றனர். சாமுவேல் வந்து பலியை ஆசீர்வதிக்கும்வரை எவரும் உண்பதில்லை. கழுதைகளைத் தேடி அலைந்து, பையில் அப்பமும் தீர்ந்துபோன சவுல், ஏறத்தாழ முப்பது பேர் அமர்ந்த அவ்விருந்தில் முதலிடம் பெற்று, தனக்கென எடுத்துவைத்த பங்கை உண்கிறான். மேடை என்னும் சொல்லைக் கேட்டவுடன் யோசியாவை நினைக்கும் நாம் சாமுவேலை ஏன் நினைப்பதில்லை?

5. ஆண்டிஸ் மலைகள் தரும் எச்சரிக்கை

எனினும், மலைவழிபாடு யாவும் விருந்திலே முடிவதில்லை. இதனை உணர நாம் நம் நாட்டெல்லையைக் கடந்து நோக்குதல் நன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்கா அரசர் பனிபடர்ந்த சிகரங்களில் பலிபீடங்கள் அமைத்தனர். அர்ஜென்டினா, சிலி நாடுகளின் எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள யூயையாக்கோ சிகரத்தில் 1999-இல் தொல்லியலார் மூன்று குழந்தைகளின் உடல்களைக் கண்டெடுத்தனர். பதின்மூன்று வயதளவினளாகிய ஒரு சிறுமி. அவளினும் மிக இளையராகிய ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும். ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் குளிரில் கெடாதிருந்த உடல்கள் அவை. மூத்த சிறுமியின் கூந்தலை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட முடிவு, அவளுடைய இறுதி ஓராண்டில் கொக்கா இலையும் மதுவும் அவளுக்கு மிகுதியாக ஊட்டப்பட்டதைக் காட்டிற்று. கபகோச்சா எனப்படும் இச்சடங்கு பேரரசின் சடங்கு. மலைகள் மழையும் ஆற்றுநீரும் தருவன என்று மக்கள் கொண்டிருந்த நன்றியுணர்வை, அரசு தன் ஆட்சியை நிலைநாட்டும் கருவியாக்கிக் கொண்டது.

எரேமியா 7-ஆம் அதிகாரத்தில் தோப்பேத்தின் மேடைகளுக்கு எதிராகத் தீர்க்கதரிசி கொதித்தெழுவது எதனால்? அங்கே பிள்ளைகள் தீயிலிடப்பட்டனர். மீகா 6-ஆம் அதிகாரத்தின் கேள்வியும் இவ்விடத்தையே தொடுகிறது. மேடையின் உயரத்தைவிட, மேடை எவரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதே தீர்க்கதரிசிகளின் அளவுகோலாய்ப் பெரிதும் விளங்குகிறது. சாமுவேலின் மேடை பசித்தவனுக்கு ஊட்டியது. தோப்பேத்தின் மேடை பிள்ளையை விழுங்கியது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே கோடரியால் வெட்டுதல் திறனாய்வு ஆகாது.

ஆண்டிஸ் மலைகள் வேறொரு பாடத்தையும் நமக்குத் தருகின்றன. அம்மலைத் தெய்வங்களைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, அவற்றை ஒழிக்கப் புறப்பட்டோர் எழுதிவைத்தது. ஹோசே தே அர்ரியாகா என்னும் இயேசு சபைத் துறவி 1621-இல் வெளியிட்ட நூல், சிலைவழிபாட்டை வேரறுக்கும் முறைகளைக் கூறுவது. பரியகாகா என்னும் பனிமலைத் தெய்வத்தின் கதைகளைக் கெச்சுவா மொழியிலேயே கூறும் உவரோச்சிரிச் சுவடியும், 1608-ஆம் ஆண்டளவில், அவ்வொழிப்புப் பணியில் முன்னின்ற பிரான்சிஸ்கோ தே ஆவிலாவின் சார்பில் தொகுக்கப்பட்டது. அழிக்க விரும்பியவன் ஏட்டிலேயே அழிக்கப்பட்டது எஞ்சியிருக்கிறது.

நம் நாட்டிலும் இதன் நிழல் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்பலாகாது என்னும் கருத்தால் அங்கே அது அச்சேறவில்லை. 1867-இல் சென்னையில் ஜெர்மான் பதிப்பித்த பின்னரே உலகம் அதனைக் கண்டது. ஆயினும் தமிழர் ஒருவகையில் பேறு பெற்றவர். குன்றுத் தெய்வத்தை உள்ளிருந்து, அன்போடு, தம் மொழியில் பாடிய பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனைப் படியாமல் அப்பாட்டின் மக்களுக்கு அருளுரை ஆற்றுவது, கிடைத்த சான்றைப் புறக்கணித்துத் தீர்ப்பு எழுதுவதாகும்.

6. பாட்டின் குறை

இத்துணைப் பெருமை கூறியபின் இப்பாட்டின் குறையையும் கூறுதல் திறனாய்வாளன் கடன். பழைய ஆற்றுப்படைகளில் பசி உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் அடுக்களையை ஒருமுறை படித்தவர் மறவார். கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய், பால் சுரவாமையால் குரைக்கும் பாழ் அடுக்களை அது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்து, சுற்றத்தோடு உண்கிறாள் கிணைமகள். வள்ளலை நாடிச் செல்வதன் தேவை அவ்வடுக்களையில் தெளிவாகிறது.

திருமுருகாற்றுப்படையில் அவ்வடுக்களை இல்லை. ஆற்றுப்படுத்தப்படுவோன் உயர்ந்த உள்ளத்தோடு இறைவன் திருவடியை விழைந்து செல்பவன். அவனுக்கு வயிறு உண்டு என்பதற்குப் பாட்டில் அடையாளம் இல்லை. பழைய இரவலனின் வறுமை உயிரின் வேட்கையாக மாறிவிட்டது. சமய இலக்கிய வளர்ச்சியில் இது பெரும் முன்னேற்றமென்று பலர் கூறியுள்ளனர். நாம் அதனை ஓர் இழப்பாகவும் காண்கிறோம். மெய்யான பசியை ஆன்மீகப் பசியாக மட்டும் மாற்றிப் பேசும் பழக்கம் நம் மேடைகளிலும் மிகுதி. ஆதலின் இக்குறையை நாம் எளிதில் இனங்காண முடிகிறது.

பிற்கால மரபும் இதனை உணர்ந்தது போலும். திருப்பரங்குன்றத்துக் குகையொன்றில் பூதம் ஒன்று 999 பேரை உண்பதற்காக அடைத்து வைத்திருந்தது என்றும், ஆயிரவராக அகப்பட்ட நக்கீரர் இப்பாட்டைப் பாட முருகன் அனைவரையும் விடுவித்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. வரலாறாக அதனைக் கொள்ள இயலாது. ஆனால் சிறைப்பட்டோர் விடுதலை என்னும் தேவையைப் பாட்டோடு இணைக்காமல் மக்கள் மனம் அமைதியுறவில்லை என்பதற்கு அக்கதை சான்று.

பாட்டினுள்ளும் அத்தேவை முற்றும் அற்றுவிடவில்லை. அதனைச் சுமப்பவள் குறமகள். தனக்கென ஒன்றும் கேளாது, மலைச்சரிவின் ஊர்களுக்காக அவள் வாழ்த்துகிறாள். மழையும் விளைவும் நோயின்மையும் வேண்டிக் குன்றை நோக்கும் எளியோரின் வழிபாடு இது. 121-ஆம் சங்கீதக்காரனும் கண்களை மலைகளுக்கு ஏறெடுத்தே தன் துணையைப் பற்றிய கேள்வியைத் தொடங்குகிறான். மூதாட்டியின் கேள்வியும் அவ்வரிசையில் வந்ததே.

7. நம் மலைகள்

நாம் மலைகளைத் துறந்தவர் அல்லர். 1835-இல் திண்டுக்கல்லில் பணிதொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர், சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்ப 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டினர். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் நம் முன்னோர் கண்டது நல்ல காற்று. அம்மலைகள் வெற்று மலைகளாய் இருக்கவில்லை. பண்டை மக்கள் எழுப்பிய கல்லறைத் திட்டைகள் அங்கே பரவிக் கிடந்தன. அவற்றைப் பற்றி அங்ளாட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. மலையைத் தெய்வமாகக் கண்டவரை மூடர் என்றோம். மலையை ஓய்விடமாகவும் நிலமனையாகவும் காண்பதை அறிவு என்றோம். கல்லுடைப்போன் அதனைச் சல்லியாகக் காண்கிறான். இம்மூன்று பார்வைகளுள் கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று உறவினர் அல்லவா?

பாட்டின் முதற் குன்றாகிய திருப்பரங்குன்றத்தை இன்று நினையாதிருத்தல் இயலாது. அடிவாரத்தில் முருகன் குடைவரைக் கோயில். சரிவில் சமணர் படுக்கைகள். உச்சியில் சிக்கந்தர் தர்கா. ஒரே கல்லில் பல மரபினர் நெடுங்காலம் வணங்கிய இடம் அது. அங்கே பலியிடலாமா, விளக்கை எவ்விடத்தில் ஏற்றலாம் என்னும் பூசல்கள் 2025-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்றன. வழக்கின் சட்ட முடிவுகளை ஆராய்தல் நம் பணியன்று. ஆயின் ‘கரடு யாருது’ என்னும் கேள்வி உடைமைக் கேள்வியாக மட்டும் சுருங்கும்போது, ஆற்றுப்படையின் குரல் அடங்கி அரசனின் குரல் எழுகிறது. இதில் நாம் பார்வையாளர் மட்டும் அல்லர். அக்குரலில் நாமும் பலகாலம் பேசியிருக்கிறோம்.

8. முடிவுரை

திருமுருகாற்றுப்படை கடலில் எழும் ஞாயிற்றோடு தொடங்கி, மலையிலிருந்து விழும் அருவியோடு முடிகிறது. வந்தவனை நோக்கி, அஞ்சாதே, நீ வருவதை முன்பே அறிவேன் என்னும் பொருள்படத் தெய்வம் பேசிய பின்னரும் பாட்டு நின்றுவிடவில்லை. இறுதி அடிகள் முழுவதும் நீருக்கே உரியவை. அருவி தேனடைகளைச் சிதைத்து, பலாச்சுளைகளைக் கலந்து, வாழையைச் சாய்த்து, மிளகுக் கொத்துகளை உதிர்த்து இறங்குகிறது. அதன் சாரலில் கருமுகக் குரங்கு நடுங்குகிறது, பெண்யானை குளிர்கிறது, கரடி பாறைப் பிளவில் ஒதுங்குகிறது. தெய்வத்தின் மலை எல்லா உயிர்க்கும் உறைவிடம் என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது. அய்யலூரைச் சூழ்ந்த காடுகளையும் உள்ளடக்கிக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022-இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. இரவில் மட்டும் நடமாடும் அச்சிற்றுயிருக்காகக் குன்றுகள் காக்கப்படுவதைக் கேட்டால் நக்கீரர் வியந்திருக்க மாட்டார்.

சிற்றூர்ச் சபைகளுக்குச் செல்லும் மாணவர்க்கு நாம் கூற விழைவது சிலவே. பாடம் 2 இராஜாக்கள் 23 ஆயின் அதனோடு 1 சாமுவேல் 9-ஐயும் எரேமியா 7-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஊரின் குன்றைப் பற்றிப் பேசுமுன் அதன் பெயரையும், அதிலிருந்து எந்தக் குளத்திற்கு நீர் வருகிறது என்பதையும் ஊராரிடம் கேட்டறியுங்கள். குழந்தையை, ஏழையை, பெண்ணை விழுங்கும் மேடை எதுவாயினும், அது நம்முடையதேயாயினும், அஞ்சாது கண்டியுங்கள். மற்றவை குறித்துப் பேசும்போது, பெற்றதைக் கூறும் இரவலராகவே பேசுங்கள்.

மூதாட்டியின் இரண்டாம் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. கரடு கர்த்தருடையதாயின் அதனை வைதல் தகாது என்பதை அவ்வம்மையார் நமக்கு முன்பே கண்டிருந்தார்.